சீனிப்பூ: கேக் அலங்காரப் பூக்கள் குறித்துக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் என் வீட்டின் பின்னறையில் சீனிப்பூக்கள் செய்து திருமணக் கேக்குகளுக்குக் கொடுத்து வருகிறேன்; ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளை அப்படியே பின்பற்றி, நம் ஊர்க் காற்றில் தோற்றுப்போய், தங்கள் கையைக் குறைசொல்லிக்கொண்டு வருபவர்களே அதிகம் என்பதால், காற்றின் ஈரத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே பேச வேண்டியிருக்கிறது.

சீனிப்பூ என்று எதைச் சொல்கிறீர்கள்? கேக்கின் மேல் க்ரீமில் பிழியும் பூவும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. க்ரீம் பூ, பிழியும் கூம்பிலிருந்து நேராகக் கேக்கின் மேல் வந்து உட்காருவது. அதன் ஆயுள் கேக்கின் ஆயுள்தான். சீனிப்பூ என்பது கம் பேஸ்ட் எனப்படும் சீனி மாவைக் காகிதம்போல் மெல்லியதாகத் தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, கம்பியில் கோத்து, காயவைத்து, நிறம் தீட்டிச் செய்யப்படுவது. காய்ந்தபின் பீங்கான்போல் கடினமாகிவிடும்; தட்டினால் ஒலிக்கும், கீழே விழுந்தால் உடையும். சர்க்கரைப் பூ என்றும் இதைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் சர்க்கரையைச் சீனி என்றே அழைத்துப் பழகியதால் நான் சீனிப்பூ என்றே எழுதுகிறேன்.

கம் பேஸ்ட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அதாவது சுமார் 30 கிராம். ஐசிங் சீனி 200 கிராம். டைலோஸ் தூள் 7 கிராம். வனஸ்பதி 5 கிராம். இவ்வளவுதான் பொருள். வெள்ளைக்கருவை நுரை பொங்காமல் மெதுவாகக் கலக்கி, சலித்த சீனியில் முக்கால் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதம் வந்ததும், கரண்டியை நிறுத்தாமல் டைலோஸைத் தூவ வேண்டும். தூவிய சில நொடிகளில் கலவை இறுகத் தொடங்கும். அதன்பின் மீதிச் சீனியையும் வனஸ்பதியையும் சேர்த்துச் சப்பாத்தி மாவைப் பிசைவதுபோலப் பிசைந்து, நெகிழித் தாளில் இறுகச் சுற்றி, 24 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் பிரித்துவிடாதீர்கள். சுற்றிய நிலையிலேயே அறை வெப்பத்துக்கு வரவிட்டால்தான் அதன் மேல் நீர் வியர்க்காது.

டைலோஸ் என்று கடையில் விற்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்; உறைகளில் சி.எம்.சி. என்றோ 466 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணுடனோ அச்சிட்டிருப்பார்கள். மாவு கிழியாமல் இழுபடுவதும், காய்ந்தபின் நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். மழைக்காலத்தில் அதே 200 கிராம் சீனிக்கு எட்டரை கிராம் வரை போகலாம். அதற்குமேல் போட்டால், தேய்க்கும்போதே மேற்பரப்பு உலர்ந்து இதழின் ஓரம் வெடித்துவிடும்.

சீனியை வீட்டு மிக்ஸியில் பொடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. மைசூர்பாகுக்கு அந்தப் பொடி போதும், பூவுக்குப் போதாது. விரலுக்குத் தெரியாத ஒரு குருணைகூட, மெல்லிய இதழில் கிழிசலாக வந்து நிற்கும். வேறு வழியில்லையென்றால் பொடித்ததைப் பழைய வேட்டித் துணியில் இருமுறை சலித்துக்கொள்ளுங்கள்.

முட்டை சேர்க்காமல் செய்யலாமா?

கேக்கின் மேல் போர்த்துவதற்காகக் கடையில் கிடைக்கும் மென்மையான சீனி மாவான ஃபாண்டன்ட் 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி டைலோஸ் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு வைத்திருந்தால் பூ செய்யத்தக்க மாவு கிடைக்கும். ஆனால் ஃபாண்டன்ட் காய்ந்துபோகாமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம், கிளிசரின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே இந்த மாவில் செய்த பூ நம் ஊரில் தாமதமாகக் காயும்; முழு ரோஜாவுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. சைவக் கேக் கேட்பவர்களுக்குச் செய்யும்போது உறையில் ஜெலட்டின் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. முட்டை சேர்ப்பவர்களும் பச்சை முட்டையைத் தவிர்த்து, உலர்த்திய வெள்ளைக்கருத் தூளை நீரில் கரைத்துப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

டைலோஸுக்குப் பதிலாகப் பாதாம் பிசின் போடலாமா? மார்த்தாண்டம் தேன் சேர்த்தால் மாவு மென்மையாக வருமா?

பாதாம் பிசின் நீரில் ஊறிக் கட்டி கட்டியாக உப்புமே தவிர, மாவில் சீராகக் கலக்காது; அது ஜிகர்தண்டாவிலேயே இருக்கட்டும். தேன் சேர்த்தால் மாவு உண்மையில் மென்மையாகத்தான் வரும், அடுத்த வாரமும் அப்படியே மென்மையாகத்தான் இருக்கும். தூய சீனி, 25 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தொடும்போதுதான் ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். தேனில் நிறைந்திருக்கும் ஃபிரக்டோஸுக்கோ அந்த எல்லை சுமார் 62 சதவீதம்தான். அதாவது, சீனி தாங்கிக்கொள்ளும் காற்றைத் தேன் தாங்காது. குளுக்கோஸ் பாகையும் இதே காரணத்துக்காக ஒதுக்குங்கள்.

காணொளியில் ஆறு மணி நேரத்தில் காய்கிற இதழ், என் வீட்டில் இரண்டு நாளாகியும் துவள்கிறதே?

உங்கள் மீது தவறில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நம் மாவட்டத்துக்கு உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறையும் நாள்கள் சிலவே. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை ஒருபுறம், மலையும் அணைகளும் மறுபுறம். அந்தக் காணொளியை எடுத்தவர் குளிரூட்டியால் வறண்ட அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். இதழ் வெட்டும் அச்சுகளான கட்டர்களில் இரண்டைக் குறைத்துக்கொண்டாவது வாங்குங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது வேலை சுகமாக நடக்கும். 75ஐத் தாண்டும் நாளில் ரோஜாவின் நடுக்கூம்பை உருட்டுவது, கம்பிக்குப் பச்சைத் தாள் சுற்றுவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி உள்ள அறையில் கதவை அடைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் ஈரம் நன்றாகவே குறையும். குளிரூட்டி இல்லாதவர்கள், கேக் அடுப்பின் விளக்கை மட்டும் எரியவிட்டு, வெப்பத்தை இயக்காமல், கதவைச் சிறிது திறந்து வைத்து, உள்ளே பூக்களை நிறுத்தலாம். விளக்கின் இளஞ்சூடு உள்ளிருக்கும் காற்றை வறட்டிவிடும். அவசரப்பட்டு அடுப்பை இயக்கினால் வனஸ்பதி இளகி, இதழ் பளபளத்து, வளைந்துவிடும். மின்விசிறியின் கீழ் வைப்பது பிப்ரவரியில் பயன்படும். ஜூலையில் அது ஈரக் காற்றைத்தான் பூவின் மேல் வீசும்.

அரைகுறையாகக் காய்ந்த பூவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவே கூடாது. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். என் முதல் பெரிய திருமணக் கேக்குக்கு, ஒரு ஜூலை மாதத்தில், 40 ரோஜாக்களைச் செய்து, எறும்புக்குப் பயந்து, இறுக மூடும் டப்பாக்களில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தபோது, இதழ்களின் உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றி டப்பாவுக்குள்ளேயே சுற்றி, வெளியிதழ்கள் அனைத்தும் வாழைப்பூ மடல்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. மணப்பெண்ணின் அத்தையிடம் தொலைபேசியில் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது, அதை எழுத இயலாது. முழுதும் காய்ந்த பூவை அட்டைப் பெட்டியில் மெல்லிய காகிதம் விரித்து வையுங்கள். டப்பாதான் வேண்டுமென்றால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நிறம் மாறும் ஆரஞ்சு வகை நல்லது. நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் உணவுக்கு அருகில் அது வேண்டாம்.

கற்றுக்கொள்ளத் தொடங்க எது நல்ல காலம்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் காற்று ஓரளவு வறண்டிருக்கும்; தவக்காலத்தில் ஆலயத் திருமணங்கள் மிகவும் குறைந்துவிடுவதால் கேக் செய்பவர்களுக்கும் கை ஓய்வாக இருக்கும். உயிர்ப்பு விழாவான ஈஸ்டருக்குப் பின் திருமணங்களும், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாக்களும் வரிசைகட்டி வரும்போது உங்கள் பெட்டியில் நூறு பூக்களாவது காய்ந்து தயாராக இருக்கும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

கடைக்காரர் காட்டும் நாற்பது வகைப் பெட்டி வேண்டாம். சிறிய வழவழப்பான உருளை, பஞ்சுப் பலகை, பால் டூல் எனப்படும் குமிழ் முனைக் கருவி, கூர்முனைக் குச்சி ஒன்று, மெல்லிய தூரிகைகள் இரண்டு, 20 முதல் 30 எண் வரை சில கம்பிகள், கம்பியில் சுற்றும் பச்சைத் தாளான ஃப்ளோரல் டேப், ஐந்திதழ்க் கட்டர் ஒன்று, நுனிக் கூரான சிறு கத்தரி. கம்பியில் எண் ஏற ஏறத் தடிமன் குறையும் என்பதை மறவாதீர்கள். 20ஆம் எண் தண்டுக்கு, 30ஆம் எண் மொட்டுக்கு. பசையைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கால் தேக்கரண்டி டைலோஸை இரண்டு மேசைக்கரண்டி கொதித்து ஆறிய நீரில் இரவு முழுதும் ஊறவிட்டால் காலையில் தெளிந்த பசை இருக்கும். இலை நரம்பு பதிக்கும் அச்சும் முதலிலேயே வேண்டாம். கழுவித் துடைத்த வெற்றிலையின் பின்புறமும் கொய்யா இலையின் பின்புறமும் அழகான நரம்பைத் தரும்.

முதலில் எந்தப் பூவைச் செய்து பழக வேண்டும்? ரோஜாதானே?

எல்லோரும் ரோஜாவில் தொடங்குகிறார்கள், பாதிப்பேர் ரோஜாவோடு நிறுத்தியும் விடுகிறார்கள். பிச்சிப்பூவில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. சிறியது, ஒரே துண்டு மாவில் முடிந்துவிடும், கெட்டுப்போனால் இழப்பு ஒரு பட்டாணி அளவுதான். அத்துடன், கட்டரை நம்பாமல் விரலை நம்பப் பழக்கும் பூ அது.

பட்டாணி அளவு மாவை உருட்டி, ஒரு முனையை விரல்களுக்கிடையே தேய்த்து, நீண்ட வாலுள்ள கூம்பாக்குங்கள். தடித்த முனையில் கூர்முனைக் குச்சியைச் செருகி, சுழற்றி, குழியாக்குங்கள். குழியின் விளிம்பைக் கத்தரியால் ஐந்தாக வெட்டுங்கள். ஐந்தும் சமமாக வராது, வர வேண்டியதுமில்லை. ஒவ்வொரு துண்டின் நுனியையும் இரு விரலால் கூராக்கி, பின் தட்டையாக அமுக்கி, குமிழ் முனையால் உள்ளிருந்து வெளியே ஒருமுறை வருடினால் இதழ் மெல்ல விரியும். 30ஆம் எண் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, பசையில் தொட்டு, பூவின் நடுவே மேலிருந்து கீழே இழுங்கள். கொக்கி குழிக்குள் மறைந்ததும், வாலைக் கம்பியோடு சேர்த்து உருட்டி மெலியச் செய்யுங்கள். உண்மைப் பிச்சியின் காம்பு நாம் நினைப்பதைவிட நீளமானது, மெல்லியது. மொட்டின் வெளிப்புறத்திலும் இதழின் அடியிலும் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அந்தச் சிவப்பைத் தூரிகையால் ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டால், பார்ப்பவர் மல்லிகை என்று சொல்லாமல் பிச்சி என்று சொல்வார். இருபது செய்தபின் இருபத்தோராவது பூ தானாக வரும்.

ரோஜாவில் எங்கே தவறுகிறது?

நடுக்கூம்பில். கூம்பு கட்டரின் இதழைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், முதல் நாளே செய்து முழுதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கூம்பின் மேல் இதழ் சுற்றினால் கனம் தாங்காமல் கம்பியில் வழுக்கி இறங்கிவிடும். முதல் இதழ் கூம்பின் நுனியை முற்றிலும் மறைக்க வேண்டும். மேலிருந்து பார்க்கையில் கூம்பு தெரிந்தால் அது ரோஜா அல்ல. மாவைச் செய்தித்தாளின் மேல் பிடித்தால் எழுத்து நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேயுங்கள். ஒரு முழு ரோஜா, காயவிடும் இடைவெளிகளோடு சேர்த்து, மூன்று நாள் வேலை.

நம் ஊர்ப் பூக்களைக் கேக்கில் வைத்தால் பொருந்துமா?

பொருந்துமா என்ற கேள்வியே எனக்கு வியப்பளிக்கிறது. பியோனியை நேரில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? படத்தைப் பார்த்துப் படம்போல் செய்யலாம். பூவைப் பார்த்தால்தான் பூப்போல் செய்யலாம். தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் ஒருமுறை போய் வாருங்கள். பிச்சி, கேந்தி (செண்டுமல்லி), சம்பங்கி, அரளி, தாமரை என்று வகைக்கு ஒன்றாக வாங்கி வந்து, வெள்ளைத் தாளின் மேல் ஒவ்வோர் இதழாகப் பிரித்து அடுக்கிப் பாருங்கள். எத்தனை இதழ், எந்த வரிசை எதன் மேல் ஏறியிருக்கிறது, நுனி மடங்குவது உள்ளேயா வெளியேயா என்பதை அந்தத் தாள் சொல்லிக்கொடுக்கும். தோவாளை மாணிக்கமாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளையும் சிவப்புமான அரளிப் பூக்களை மடித்து, இலைப் பச்சையோடு பட்டையாக அடுக்கிக் கட்டும் அந்த மாலையின் வடிவத்தைச் சீனி மாவில் சிறு சதுர மடிப்புகளாகச் செய்து கேக்கின் பக்கவாட்டில் ஒட்டினால், கம்பியே தேவைப்படாத ஓர் அலங்காரம் கிடைக்கிறது.

செங்காந்தளும் நான் விரும்பிச் செய்யும் பூ. ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலெழுந்து நிற்கும். ஓரங்கள் அலையலையாக நெளியும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரியும். சூல்தண்டு மட்டும் எல்லாவற்றையும்விட்டு விலகி, பக்கவாட்டில் மடங்கி நீளும். அந்த ஒற்றைத் தண்டை நேராக வைத்துவிட்டால் எவ்வளவு நிறம் தீட்டினாலும் பூ பொய்யாகிவிடும். இதழ்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் நெளிவு கலையாது.

அப்படியானால் உண்மைப் பூவையே வைத்துவிடலாமே?

வைக்கக்கூடாத பூக்கள் உண்டு. அரளி முழுதும் நஞ்சு; பூவும் இலையும் பாலும் எதுவும் உணவின் அருகே வரக்கூடாது. செங்காந்தளின் எல்லாப் பாகமும், குறிப்பாகக் கிழங்கு, கோல்சிசின் என்ற நஞ்சைக் கொண்டது. சீனியில் செய்தால் இவ்விரண்டும் தீங்கற்றவை. ஆனால் நரம்பு பதிப்பதற்காக உண்மை அரளி இலையை மாவில் அழுத்திவிடாதீர்கள். பிரித்துப் பார்த்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். சந்தைப் பூக்களில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம் என்பதால் நஞ்சற்ற பூவும் நேரடியாகக் கேக்கில் படுவது நல்லதல்ல.

நிறம் சேர்ப்பது எப்படி?

அடர்சிவப்பு வேண்டுமென்று மாவிலேயே நிறைய ஜெல் நிறத்தைக் கொட்டாதீர்கள், மாவு பிசுபிசுத்துவிடும். வெளிர் ரோஜா நிறத்தில் மாவைச் செய்து, காய்ந்தபின் உலர்நிறத் தூளைத் தூரிகையால் படிப்படியாக ஏற்றுங்கள். செங்காந்தளுக்கு மஞ்சள் மாவு, நுனியிலிருந்து இறங்கும் சிவப்புத் தூள். முடிந்ததும் இட்லிப் பானையின் ஆவியில் மூன்று நான்கு நொடி காட்டி எடுத்தால் தூள் படிந்து, மாவு பூத்த தோற்றம் போய்விடும். மறுபடி நன்றாகக் காயவிட வேண்டும். நஞ்சற்றது என்று மட்டும் எழுதியிருக்கும் மினுக்குத் தூள் உண்ணத்தக்கதாகாது. உண்ணத்தக்கது என்ற சொல்லும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண்ணும் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பி உள்ள பூவைக் கேக்கில் குத்தலாமா?

நேரடியாகக் குத்தக்கூடாது. கம்பி உணவுக்கான பொருள் அல்ல. துருப்பிடிக்கும், உள்ளேயே முறிந்தும் போகும். தடித்த உறிஞ்சுகுழலைக் கேக்கில் செருகி அதற்குள் பூங்கொத்தின் தண்டை நிறுத்துங்கள். இதழ் சீனிதான் என்றாலும் கம்பிப் பூவைத் தின்னக் கொடுக்கக்கூடாது. நான் ஒவ்வொரு கேக்கோடும் ஒரு சீட்டு அனுப்புவேன்: மொத்தம் எத்தனை தண்டு, எந்த அடுக்கில் எத்தனை, வெட்டுமுன் எண்ணி எடுக்கவும். மண்டபத்தில் கேக்கை வெட்டிப் பரிமாறுபவர் வேறு ஆளாக இருப்பார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னது மேளச் சத்தத்தில் காணாமல் போய்விடும்.

விப்பிங் க்ரீம் கேக்கின் மேல் சீனிப்பூ நிற்குமா?

சில மணி நேரம் நிற்கும், பிறகு க்ரீமின் ஈரத்தைக் குடித்துச் சாயும். பழக்கேக்கின் மேல், வெள்ளைக்கருவும் சீனியும் கலந்து செய்யும், காய்ந்ததும் இறுகும் ராயல் ஐசிங்கோ ஃபாண்டன்ட்டோ போர்த்தியிருந்தால் கவலையில்லை. வெண்ணெய் க்ரீமும் பரவாயில்லை. விப்பிங் க்ரீம்தான் என்று வீட்டார் உறுதியாக இருந்தால், உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை வட்டமாக ஊற்றி உறையவைத்து, அதைப் பூவுக்கும் க்ரீமுக்கும் இடையே வைத்து, கேக் வெட்டுவதற்கு முன் பூவை ஏற்றுங்கள். பூ வைத்த கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால், வெளிவந்த நிமிடமே பூ வியர்க்கும், நிறம் வழியும்.

எறும்புத் தொல்லைக்கு என்ன செய்வது?

காயவைக்கும் மேசையின் நான்கு கால்களையும் நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அடைத்த சிறிய அறையில் அந்த நீரே ஈரத்தைக் கூட்டும் என்பதால், நீரின் மேல் சிறிது தேங்காயெண்ணெய் ஊற்றினால் ஆவியாவது குறையும். எறும்பு மருந்துச் சாக்பீஸை உணவு மேசையில் கோடிழுக்க வேண்டாம்; அது பூச்சிக்கொல்லி.

ஒரு பூவுக்கு என்ன விலை சொல்லலாம்?

சீனியின் விலையைக் கணக்கிடாதீர்கள், அது மிகச் சிறியது. உங்கள் மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். மூன்று நாளில் கை படும் நேரத்தைக் கூட்டி, நூற்றுக்குப் பதினைந்து பூ உடையும் என்று சேர்த்து, அதன்பின் விலை சொல்லுங்கள். ஃபேன்சி கடைப் பிளாஸ்டிக் ரோஜாவோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுபவர்கள் வருவார்கள். அவர்களிடம் வாதாடாமல் ஒரு பிச்சிப்பூவைக் கையில் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். விற்பனை என்று ஆகிவிட்டால், வீட்டிலிருந்து செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம்.

மணமக்கள் பூவை நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால் எத்தனை நாள் இருக்கும்?

ஈரமும் வெயிலும் படாவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வெயிலில் ரோஜா நிறமும் ஊதாவும் முதலில் வெளிறும். கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, ஜன்னலுக்கு எதிரே இல்லாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். ஜெல் நிறம் மாறும்போது அதை மாற்றவும் சொல்லுங்கள். க்ரீம் பட்ட பூவைக் கொடுக்காதீர்கள், அதில் பூசணம் வரும். கொத்தில் இரண்டு பூவைக் கூடுதலாகச் செய்து, கேக்கில் ஏற்றாமல் தனியே எடுத்துவைத்து, திருமணம் முடிந்தபின் கொடுத்துவிடுவது எளிது.